போய் வருகிறேன் என்று சொல்ல முடிந்தவர்கள்

நெய்வேலியில் எங்கள் வட்டத்திலிருந்து முதன்முதலில் ஆப்பிரிக்காவுக்குப் போனவர் ஒரு பள்ளி ஆசிரியர். 1972 என்று நினைவு. எத்தியோப்பியாவில் பேரரசர் ஹைலே செலாசியின் அரசு இந்தியாவிலிருந்து ஆசிரியர்களை வரவழைத்துக்கொண்டிருந்த காலம் அது. பெட்டி, படுக்கை, ஊறுகாய் ஜாடி எல்லாம் வாடகைக் காரில் ஏறிய பிறகு, "அப்ப நான் போறேம்மா" என்றார். வாசலில் நின்ற அவருடைய அம்மா பதறிப்போய், "போறேன்னு சொல்லாதப்பா, போயிட்டு வரேன்னு சொல்லு" என்றார். அவர் அப்படியே திருப்பிச் சொன்ன பிறகுதான் கார் நகர்ந்தது.

ஆப்பிரிக்காவுக்குப் போன தமிழர்களைப் பற்றிப் பல ஆண்டுகளாகத் தேடித் தேடிப் படித்துவருகிறேன். அந்த நெடும்பயணம் சிலருக்கு ஏன் தீராத துன்பமாகவும் வேறு சிலருக்கு வாழ்நாள் மகிழ்ச்சியாகவும் அமைந்தது என்ற கேள்விக்குக் கடலையும் காய்ச்சலையும் தொலைவையும் காரணம் சொல்வது வழக்கம். படிக்கப் படிக்க, அந்த அம்மா கேட்டு வாங்கிய சொல்தான் எனக்குச் சரியான விடையாகப் படுகிறது. திரும்பி வரும் உரிமை யார் கையில் இருந்தது? திரும்பியவருக்கு ஊரில் நிற்க இடம் இருந்ததா? இந்த இரண்டையும் கேட்டால் ஒவ்வொரு காலத்துப் பயணமும் தன் முகத்தைக் காட்டிவிடுகிறது.

பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்கு ஆப்பிரிக்கா புதிய திசை இல்லை. கடலூர் கடற்கரையும் அதற்கு வடக்கே புதுச்சேரியும் எங்களுக்குப் பக்கம். 1730களில் லா பூர்தொனே மொரீசியஸ் தீவின் ஆளுநராக வந்து போர்ட் லூயி துறைமுகத்தைக் கட்டத் தொடங்கியபோது, புதுச்சேரியிலிருந்து கொத்தர்களும் தச்சர்களும் போனார்கள். கூலி பேசிப் போனவர்கள் அவர்கள். அதே காலத்தில் பேச்சே இல்லாமல் கொண்டுபோகப்பட்டவர்களும் உண்டு. ஏழை எளியவர்களை ஏமாற்றிப் பிடித்து, வீட்டுக்குள் அடைத்துவைத்து, அடிமைகளாகக் கப்பலேற்றிய செய்தியை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். ஒரே துறைமுகம், ஒரே கடல், ஒரே தீவு. கொத்தனாருக்குத் திரும்பும் நாள் இருந்தது, பிடிக்கப்பட்டவருக்கு இல்லை.

பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1834 முதல் மொரீசியஸுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து போனவர்கள் ஏறக்குறைய நாலரை லட்சம் பேர். புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் பிரெஞ்சுக்காரர்களின் ரெயூனியோன் தீவுக்குத் தனியாக ஒரு கூட்டம் போனது. 1882இல் பிரிட்டிஷ் இந்திய அரசு அதை நிறுத்தியது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் கப்பலான ட்ரூரோ, 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்டு நவம்பர் 16 அன்று 342 பேரோடு டர்பனை அடைந்தது. 1911இல் இந்தப் போக்குவரத்து நிற்பதற்குள் நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள்.

இத்தனை துல்லியமாக எண் சொல்ல முடிவதற்குக் காரணம் கப்பல் பட்டியல்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். அதன் எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உயரம், உடம்பிலுள்ள தழும்பு. சுரேந்திர பானாவும் ஜாய் பிரெய்னும் இந்தப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றி ஆராய்ந்த பிறகு, வட ஆற்காடு, தென்னாற்காடு, செங்கல்பட்டு, தஞ்சாவூர் என்று நம் மாவட்டங்களின் பெயர்கள் வரிசை வரிசையாக வெளியே வந்தன. முகத்தழும்பு வரை எழுதிக்கொண்ட குமாஸ்தா, ஏன் போகிறாய் என்பதற்கு ஒரு கட்டம் போடவில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருஷப் பஞ்சத்தை நினைத்துக்கொண்டு படித்தால், சிலருடைய விடையாவது நமக்கே தெரியும்.

கப்பல் வாழ்க்கை கொடியதுதான். கீழ்த்தளத்தில் நெருக்கிப் படுக்கவேண்டும், சோறு, பருப்பு, கருவாடு அளந்து வரும், தண்ணீரும் அளவுதான். பண்டாரி சமைத்ததை எல்லாச் சாதியாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது; ஊரில் நடக்காத அது கப்பலில் நடந்தது. வாந்திபேதி புகுந்த கப்பல்களில் பிணங்களைக் கடலில் இறக்கினார்கள். ஆனாலும் கடல் துன்பம் வாரக் கணக்குதான். கரையேறிய பிறகுதான் ஆண்டுக் கணக்கு தொடங்கியது. ஐந்தாண்டு ஒப்பந்தம், முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங், பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடுதல். அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே கால் வைத்தால் சிறை. வேலைக்கு வராத நாளுக்குச் சம்பள வெட்டு. மொரீசியஸில் ஒப்பந்தம் முடித்து விடுதலையானவர்களைக்கூட நாடோடிச் சட்டத்தைக் காட்டிப் பிடித்தார்கள். அதை எதிர்த்து 1871இல் அடால்ஃப் தெ பிளெவிட்ஸ் என்ற தோட்டக்காரர் தயாரித்த மனுவில் 9,401 கூலிகளின் ஒப்பம் இருந்தது. வெள்ளைக்காரத் தோட்டக்காரர் ஒருவர் தம் கூட்டத்தாரின் பகையைத் தேடிக்கொண்டு செய்த காரியம் அது. அவரை நாம் மறக்கக் கூடாது.

அதே 1871இல் நடந்த இன்னொன்று, என் பார்வையில், இந்த வரலாறு முழுவதிலும் முக்கியமான நிகழ்ச்சி. பத்தாண்டு முடித்த முதல் கூட்டம் ரெட் ரைடிங் ஹூட் என்ற கப்பலில் நேட்டாலிலிருந்து ஊர் திரும்பியது. திரும்பியவர்கள் வாயைத் திறந்தார்கள். அடித்தார்கள், சம்பளத்தைப் பிடித்தார்கள், சொன்ன வெகுமானத்தைத் தரவில்லை என்று அதிகாரிகளிடம் முறையிட்டார்கள். நேட்டால் மறுபடி ஆள் கேட்டபோது, குறைகளைத் தீர்க்காமல் ஆள் அனுப்ப முடியாது என்று இந்திய அரசு மறுத்தது. 1872இல் நேட்டாலில் ஒரு விசாரணைக் குழு உட்கார வேண்டியதாயிற்று. 1874இல்தான் கப்பல்கள் மறுபடி ஓடின. தோட்டத்துக்குள் பத்தாண்டு பேசியும் கேட்காத காதுகளைத் திரும்பி வந்தவர்களின் பேச்சு எட்டிவிட்டது. இலவசத் திரும்பு பயணத்துக்குப் பதிலாக நிலம் தரும் ஏற்பாடு 1891இல் ரத்தானதையும் அதற்குப் பின் வந்த சட்டங்களையும் இந்த வெளிச்சத்தில்தான் நான் படிக்கிறேன்.

1895ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்தம் முடிந்தவருக்கு மூன்று வழிகளை வைத்தது. ஊர் திரும்பலாம், மறுபடி ஒப்பந்தத்தில் விழலாம், இல்லையென்றால் ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி கட்டலாம். 3 பவுன் என்றால் 60 ஷில்லிங், முதலாண்டுக் கூலிக்கு ஆறு மாதச் சம்பளம். பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்கும் அது விரிந்தது. போகும்போது சட்டம் கட்டி இழுத்தது; வேரூன்றிய பிறகு அதே சட்டம் பிடுங்கி எறியப் பார்த்தது. திரும்பும் உரிமையைத் திரும்பும் கட்டாயமாக மாற்றிவிட்டால், பயணி சுதந்திரமானவர் ஆகிவிடுவதில்லை.

இதன் உச்சக் கொடுமையை நாராயணசாமி என்ற தமிழ்ச் சத்தியாகிரகியின் சாவில் பார்க்கலாம். 1910இல் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் போராடிய தமிழர்கள் பலரை அரசு இந்தியாவுக்கு நாடு கடத்தியது. சென்னையில் வந்திறங்கிய அவர்களைப் பதிப்பாளர் ஜி. ஏ. நடேசன் ஆதரித்துத் தங்கவைத்தார். அவர்களில் பலர் மறுபடி கப்பலேறித் தென்னாப்பிரிக்காவுக்கே புறப்பட்டார்கள். அங்கே போன நாராயணசாமியை எந்தத் துறைமுகத்திலும் இறங்க விடவில்லை. துறைமுகம் துறைமுகமாக அலைக்கழிந்து, 1910 அக்டோபர் 16 அன்று டெலகோவா விரிகுடாவில் அவர் இறந்தார். ஒரு கரை துரத்தியது, மறு கரை ஏற்கவில்லை. கப்பல் தளத்தைத் தவிர அவருக்கு நாடு இல்லை.

நெய்வேலிக்காரன் என்பதால் 1913ஆம் ஆண்டுப் போராட்டத்தில் என் மனம் கூடுதலாகவே தங்குகிறது. அது நிலக்கரிச் சுரங்கத்தில் பற்றிய நெருப்பு. எங்களுக்குச் சுரங்கம் என்றால் திறந்தவெளி. மாடி வீடு உயர இயந்திரங்கள் மண்ணை வாரும். அப்பா ஷிப்ட் முடிந்து வரும்போது சட்டையில் பழுப்புத் தூசி இருக்கும். நேட்டாலின் வடக்கே நியூகாசிலிலும் டண்டியிலும் இருந்தவை நிலத்தடிச் சுரங்கங்கள். தமிழ், தெலுங்கு ஒப்பந்தக் கூலிகள் அங்கே கரி வெட்டினார்கள். கிறித்தவ முறையில் நடக்காத திருமணம் செல்லாது என்ற பொருள்பட அந்த ஆண்டு மார்ச்சில் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு வந்திருந்தது. 3 பவுன் வரியும் நீடித்தது. டிரான்ஸ்வாலிலிருந்து பெண்கள் குழு ஒன்று, பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், சிலர் கைக்குழந்தைகளோடு, நியூகாசிலுக்கு வந்து தொழிலாளர் குடியிருப்புகளில் பேசினார்கள். மொரீசியஸில் பிறந்த தமிழரான தம்பி நாயுடு அங்கே முன்னின்றார். சுரங்க வேலை நின்றது. நவம்பர் 6 அன்று 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் காந்தியோடு டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தார்கள். அரசு அவர்களைப் பிடித்துச் சிறையில் வைக்க இடம் போதாமல், சுரங்க வளாகங்களையே சிறை என்று அறிவித்து அங்கேயே அடைத்தது. வேலை செய்த இடமே சிறை, மேற்பார்வையாளரே காவலர். அடுத்த ஆண்டு வரி ஒழிந்தது. சிறையில் நோய் கண்டு வெளியே வந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தபோது அவருக்கு வயது 16. அவர் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையாடி அவருடைய தாயாரின் ஊர். அந்த ஊரின் பெயரோடு சேர்த்துத்தான் தமிழ்நாடு அவரை இன்றும் அழைக்கிறது.

இந்தப் பயணத்தைப் பற்றி ஆய்வாளர்கள் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். ஹியூ டிங்கர் 1974இல் எழுதிய நூலின் தலைப்பே இதைப் புதிய அடிமை முறை என்றது. பின்னால் வந்தவர்களில் பலர், போனவர்களை வெறும் பலியாட்களாகப் பார்க்கக் கூடாது, சாதிக் கொடுமையையும் பட்டினியையும் விட்டுத் தாங்களே முடிவெடுத்துக் கிளம்பியவர்களும் உண்டு என்கிறார்கள். அஷ்வின் தேசாயும் கூலம் வாஹிதும் தனி மனிதர்களின் கதைகளாக எழுதியதைப் படித்தால் இரண்டும் உண்மை என்று தெரிகிறது. முடிவெடுத்துப் போனவரும் உண்டு. ஆனால் முடிவை மாற்றிக்கொள்ளும் உரிமை அவருக்கு ஐந்தாண்டுக்கு இல்லை. அதனால் நான் டிங்கர் பக்கம்தான் அதிகம் சாய்கிறேன்.

திரும்பி வந்தவர்களின் கதையையும் சொல்லாவிட்டால் கணக்கு முடியாது. 1927இல் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் செய்துகொண்ட கேப் டவுன் உடன்பாட்டின்படி, ஊர் திரும்புகிறவருக்கு இலவசப் பயணமும் 20 பவுனும் தருவதாகச் சொன்னார்கள். சென்னையில் இறங்கியவர்களை ஊர் எளிதில் ஏற்கவில்லை. கடல் கடந்தவர், சாதி தெரியாமல் மணந்தவர், அங்கேயே பிறந்த பிள்ளைகள். கையிலிருந்த காசு உறவினர்களிடமும் தரகர்களிடமும் கரைந்தது. 1931இல் பவானி தயாள் சன்னியாசியும் பனாரசிதாஸ் சதுர்வேதியும் வெளியிட்ட அறிக்கை இவர்களின் அவலத்தை விரிவாகச் சொல்கிறது. மறுபடி ஆப்பிரிக்காவுக்கே அனுப்பிவிடுங்கள் என்று கெஞ்சியவர்கள் பலர். திரும்ப உரிமை இருந்தும், வந்து சேர ஊர் இல்லாதவர்கள் அவர்கள்.

எத்தியோப்பியாவுக்குப் போன ஆசிரியருக்கு வருவோம். அவருக்கு ஒப்பந்தம் அவருடைய பெட்டியில், பாஸ்போர்ட் அவருடைய சட்டைப்பையில். அதனால் அவர் எழுதிய நீல நிற விமானக் கடிதங்கள் வியப்பால் நிரம்பியிருந்தன. அங்கே காலை 7 மணியை 1 மணி என்கிறார்கள். பொழுது விடிவதிலிருந்து நேரத்தை எண்ணுகிறார்கள். ஊரார் சிரித்தார்கள். ஜாதகம் எழுதத் தெரிந்த தாத்தா ஒருவர் மட்டும், "நம்ம உதயாதி நாழிகை கணக்குதானே" என்றார். ஆண்டுக்கு 13 மாதம் என்றும், டெஃப் என்ற பொடித் தானியத்தைப் புளிக்கவைத்து இஞ்சிரா என்று பெரிய தோசை வார்க்கிறார்கள் என்றும் எழுதினார். ஒரு கடிதம் எனக்கு இன்னும் மனப்பாடம்போல நினைவிருக்கிறது. சந்தையில் டகுசா என்று ஒரு தானியத்தைக் குவித்திருந்தார்களாம். அள்ளிப் பார்த்தால் கேழ்வரகு.

அவர் நினைத்ததைவிடப் பெரிய விஷயம் அது. கேழ்வரகு முதலில் பயிரானது கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில். கம்பு சகாரா பாலைவனத்தின் தென்கரையில் பிறந்தது. புளியமரத்தின் தாயகமும் ஆப்பிரிக்காதான். நம்முடைய புன்செய்க் காடு, கூழ்ப்பானை, ரசச்சட்டி மூன்றுக்கும் ஆப்பிரிக்கா தாய்வீடு. கென்யாவில் காலையில் உஜி என்று குடிக்கும் கேழ்வரகுக் கஞ்சியை நம் ஊர்க் கூழிலிருந்து பிரித்துச் சொல்வது கடினம். நெடும்பயணத்தின் இன்பங்களில் இதற்கு ஈடு எதுவும் இல்லை என்பேன்: புதியதைப் பார்க்கப் போய்ப் பழையதை அடையாளம் காண்பது.

எதிர்த் திசையிலும் இது நடந்திருக்கிறது. திரௌபதி அம்மன் வழிபாட்டின் நெஞ்சுப் பகுதி செஞ்சியும் அதைச் சுற்றிய தென்னாற்காட்டு ஊர்களும். அங்கே பாரதக் கூத்தும் தீமிதியும் கோடைத் திருவிழா. நேட்டாலுக்குப் போனவர்கள் தெருக்கூத்தைக் கொண்டுபோனார்கள். அங்கே ஆங்கிலத்தில் அதற்கு ஆறடி ஆட்டம் என்று பெயர் வந்தது. ரெயூனியோன் தீவில் பாண்டியாலே என்ற பெயரில் திரௌபதிக்கு இன்றும் தீ மிதிக்கிறார்கள். முருங்கைக் கீரையை அங்கே முருங் என்றே கிரியோல் மொழியில் சொல்கிறார்கள். மொரீசியஸில் தைப்பூசம் அரசு விடுமுறை. வாழையிலையில் ஏழு கறி பரிமாறுவது விரதச் சாப்பாடு. அந்நாட்டு ரூபாய்த் தாளில் ஆங்கிலத்துக்கு அடுத்தபடி தமிழ் இருக்கிறது. 1998இல் புதிய தாளில் தமிழைக் கீழே இறக்கியபோது எழுந்த எதிர்ப்பில் அந்தத் தாள்களையே திரும்பப் பெற்று வேறு அச்சிட்டார்கள். பலருக்கு அங்கே தமிழ் பேச வராது. ஆனாலும் அந்த எழுத்து இருக்கவேண்டிய இடத்தைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

இன்று எங்கள் பக்கத்திலிருந்து ஆப்பிரிக்காவுக்குக் கிளம்புகிறவர்களில் முந்திரி வியாபாரிகள் உண்டு. பண்ருட்டி வட்டாரத்து ஆலைகளுக்கு உள்ளூர் விளைச்சல் போதுவதில்லை. ஐவரி கோஸ்ட், கினி பிசாவ், தான்சானியா நாடுகளிலிருந்து கொட்டை வருகிறது. தான்சானியாவில் அக்டோபரில் அறுவடை தொடங்கும்; மேற்கு ஆப்பிரிக்காவில் பிப்ரவரிக்குப் பிறகு. போய், மூட்டையிலிருந்து எடுத்துக் கொட்டையை வெட்டிப் பார்த்து, 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு நல்ல பருப்பு தேறும் என்று கணக்குப் போட்டு விலை பேச வேண்டும். மொழி தெரியாத சந்தையில் வெட்டிய பருப்பின் நிறம்தான் பொது மொழி. ஓய்வுபெற்ற சுரங்க ஆட்களும் மின்நிலையத்தாரும் ஒப்பந்த வேலைக்குப் போகிறார்கள்.

பயணத்தின் துன்பம் இப்போது வேறு வடிவம். கிண்டியில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லுபடியாகும். அந்த அட்டை இல்லாமல் நோயுள்ள நாட்டிலிருந்து திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே பிடித்து ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். மலேரியா இன்னும் ஆளைக் கொல்லும். இவற்றையெல்லாம் முன்யோசனையால் சமாளிக்கலாம். எனக்குத் தெரிந்த ஓர் எலக்ட்ரீஷியன் பட்டது வேறு. போய் இறங்கிய அன்றே ஒப்பந்தக்காரர் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார். மூன்று மாதம் சம்பளமும் இல்லை, திரும்பவும் வழியில்லை. சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் குறை இல்லை என்றுதான் அவர் போனில் சொல்வார். ஆனால் குரல் செத்திருக்கும்.

ஒப்பந்தக் கூலிக் காலத்தில் சென்னையில் இருந்த குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற பதவி, 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் இன்றும் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறாதவர் வேலைக்குப் போக அனுமதி வாங்கவேண்டிய நாடுகளின் பட்டியலில், ஆப்பிரிக்காவில் லிபியா, சூடான், தென் சூடான் மூன்றும்தான் இருக்கின்றன. மற்ற நாடுகளுக்குப் போகிற ஃபிட்டரும் வெல்டரும் இந்தக் கண்ணில் படுவதே இல்லை. பட்டியலை விரிவாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2023இல் சூடானில் போர் வெடித்தபோது 3,800க்கும் அதிகமானவர்களை அரசு மீட்டுவந்தது. அந்த நடவடிக்கைக்கு வைத்த பெயர் காவேரி. போர் வந்தால் கப்பல் அனுப்பத் தெரிந்த நாட்டுக்கு, பாஸ்போர்ட் பிடுங்கப்பட்ட ஒரு தனி ஆளை மீட்பது முடியாத காரியம் அல்ல.

கடைசியாக, எங்கள் ஊருக்கு நேராக வந்து நிற்கும் ஒரு கேள்வி. கப்பல் பட்டியலின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, கொள்ளுத்தாத்தாவின் ஊரைத் தேடித் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் மொரீசியஸிலிருந்தும் இன்று பலர் தமிழ்நாட்டுக்கு வருகிறார்கள். மாவட்டக் கட்டத்தில் தென்னாற்காடு. ஊர்க் கட்டத்தில் ஒரு பெயர். 1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்குத் துளையிட்டபோது கரிய மண் வந்தது. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பிறந்தது. 1957இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். அன்றிலிருந்து எத்தனையோ ஊர்கள் எழுந்து இடம் மாறியிருக்கின்றன. பட்டியலில் உள்ள பெயர் அவற்றில் ஒன்றானால், தேடி வந்தவர் சுரங்கத்தின் விளிம்பில் நின்று பள்ளத்தைத்தான் பார்க்க முடியும். என் அப்பா வெட்டிய மண்ணும் அந்தப் பள்ளத்தில் சேர்த்தி.

அப்படி வருகிறவர்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. வருவாய்த் துறை வரைபடத்தில் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம். இடம் மாறிய ஊர்க்காரர்கள் குலசாமியைத் தூக்கிக்கொண்டுதான் மாறினார்கள். புதுக் குடியிருப்பில் கோயில் கட்டிப் பழைய ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கூழ் ஊற்றுகிறார்கள். ஆடி மாதத்தில் வாருங்கள். கப்பல் பட்டியலில் உள்ள தகப்பன் பெயரைக் கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் வயதான அம்மாக்களிடம் சொல்லிப் பாருங்கள். கூழ் கேழ்வரகுக் கூழாகத்தான் இருக்கும்.